கமலாக்காவின் மலைப் பயிற்சி

பால் போத்தல் வாங்க மூலைக்கடைக்குப் போவதற்கும் காரை எடுக்கிற கமலாக்கா, ஐம்பது கடந்தபிறகு திடீரென்று மலையேற வெளிக்கிட்டது ஏன்? லண்டன் மோர்டனில் இருக்கிற தவமலருக்கு இந்தக் கேள்வி கொஞ்சநாளாகவே நெஞ்சுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் விடுமுறைக்கு இலங்கை போய், நக்கிள்ஸ் மழைக்காட்டுக்குள் இருக்கிற ஒரு சின்ன மலையில் ஏறுவதாகத் திட்டம். முதன்முதலாக ஏறுகிறவர்களுக்கு ஏற்ற மலை என்று அங்குள்ள வழிகாட்டி போனில் உறுதி சொல்லியிருந்தார். அட்டை கடிக்கும், பாறை வழுக்கும், மற்றபடி பயமில்லையாம். போகிறவர்கள் மூன்று பேர். கமலாக்கா, தவமலர், நோர்பரியில் இருக்கிற கிளறிற்றா. கிளறிற்றா மன்னார்க்காரி, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். மூவரும் பிறந்து வளர்ந்த இடங்களில் வயல் வரம்பைத் தவிர மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

ஆகவே பயிற்சி. லண்டனைச் சுற்றியுள்ள குன்றுகள் எல்லாம் குளிர், காட்டுப் புழுக்கத்துக்கு உடம்பு பழகவேண்டும் என்று சொல்லி, கமலாக்கா கண்டுபிடித்த இடம் கியூ தோட்டத்துக் கண்ணாடி மாளிகை. உள்ளே ஈரச்சூடு, கூரையைத் தொடும் பனை இனங்கள், மேல்மாடத்துக்குச் சுழன்று போகிற இரும்புப் படிகள். சனிக்கிழமைகளில் மூவரும் மலையேறும் சப்பாத்து மாட்டி, முதுகுப்பைக்குள் பாரத்துக்கு அரிசிப் பை வைத்து, அந்தப் படிகளில் ஏறி இறங்குவார்கள். வேடிக்கை பார்க்க வந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிடும். மேலே போனதும் கமலாக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். கிளறிற்றா படம் எடுப்பாள்.

"இதை மச்சாளுக்கும் அனுப்பிவிடு தவம்" என்பார் கமலாக்கா, ஒவ்வொரு முறையும்.

அங்கேதான் தவமலருக்கு இடித்தது. மச்சாள் என்றது கிங்ஸ்பரியில் இருக்கிற தவமலரின் அண்ணன் மனைவியை. அவளுடைய மகன் அபிஷனுக்குத்தான் கமலாக்காவின் மகள் விதுஷாவைப் பேசியிருந்தது. இடையில் நின்று பேசியவள் தவமலர். சாதகம் பொருந்தி, பிள்ளைகளுக்கும் பிடித்துப்போய், நாள் வைக்கிறதுதான் பாக்கி. அதற்கு மட்டும் கமலாக்கா பிடிகொடுக்கவே இல்லை. "மலைக்குப் போட்டு வந்து பாப்பம்" என்று இழுத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு வேறு சில சங்கதிகள். கிழமை நாட்களில் கமலாக்காவின் போன் அணைந்து கிடந்தது. ஒருநாள் தவமலர் பஸ்ஸில் இருந்து பார்க்கிறாள், கமலாக்காவும் கிளறிற்றாவும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு டூட்டிங்கில் ஒரு டாக்ஸியில் இருந்து இறங்குகிறார்கள். பின்னேரம் கேட்டால், "வீட்டைதான் நிண்டனான்" என்றார் கமலாக்கா. கூசாமல் சொன்னார்.

தவமலர் கணக்குப் போட்டுவிட்டாள். வேறொரு மாப்பிள்ளை. அதுவும் டொக்டராகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் இவ்வளவு இரகசியம் எதற்கு? கடைசி நேரத்தில் கமலாக்கா கையை விரித்தால், அண்ணன் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

அடுத்த சனிக்கிழமை அவள் வேண்டுமென்றே முன்னுக்கு விறுவிறுவென்று ஏறிப்போய், மேல்மாடத்தில் ஒரு பெரிய ஓலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கீழே படி வளைகிற இடத்தில் மற்ற இருவரும் நின்றுவிட்டார்கள். குசுகுசுவென்று பேச்சு. பிறகு கமலாக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"தவத்துக்கு மட்டும் சொல்லிப்போடாதை."

இதற்குமேல் யாரால் பொறுக்க முடியும்? தவமலர் இரும்புப் படி அதிர இறங்கினாள்.

"எனக்கு எதைச் சொல்லக்கூடாது? ஆர் மாப்பிள்ளை? எந்த ஊர்? சொல்லுங்கோ அக்கா, நானும் அறியிறன்!"

கமலாக்கா படியில் குந்தியிருந்தார். உதடு வெளிறி, நெற்றி முழுக்க வேர்வை. ஒரு கை நெஞ்சில் இருந்தது. கிளறிற்றா அவருடைய முதுகுப்பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பை திறந்து கிடந்தது. அதற்குள் அரிசியைக் காணோம். ஒரு தலையணையும் துவாயும்தான் இருந்தன.

"மாப்பிள்ளையும் மண்ணாங்கட்டியும்" என்றாள் கிளறிற்றா. "அவவுக்கு இருதயத்தில வால்வு பழுது. ஒப்பரேஷனுக்குத் திகதி குடுத்தும் தள்ளிப்போட்டுக்கொண்டு திரியிறா. அண்டைக்கு டூட்டிங் ஆஸ்பத்திரிக்கும் அதுக்குத்தான் இழுத்துக்கொண்டு போனனான்."

"அப்ப இந்த மலை?"

"சொன்னாக் கேக்கிறாவே? நான் வராட்டித் தனிய வந்து ஏறுவா. அதுதான் பின்னால வாறன்."

கமலாக்காவுக்கு மூச்சு கொஞ்சம் திரும்பியது.

"தாய்க்கு இருதய வருத்தமெண்டு தெரிஞ்சா உன்ர மச்சாள் என்ன கேப்பா? பரம்பரையோ எண்டுதானே? மலையேறுற மனிசிக்கு வருத்தமெண்டு ஆரும் நினைக்கமாட்டினம். அதுதான் படம். மலைப் படமும் வந்தபிறகு நாள் வைப்பமெண்டு இருந்தனான்."

தவமலருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "என்ர அண்ணன்ர பிள்ளையை ஏமாத்தப் பாத்தியள்."

"ஓம். பாத்தனான்" என்றார் கமலாக்கா. "அதுகள் ரெண்டும் ஒண்டை ஒண்டு விரும்பிப்போட்டுதுகள், தவம்."

அந்த மனுஷி நக்கிள்ஸ் காட்டுக்குள் வழுக்குப் பாறையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது தவமலரின் கண்ணுக்குள் வந்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை. கோபம் இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் கலியாணம் போகும். சொல்லாவிட்டால் மனுஷி போகும். அவள் போனை எடுத்து மச்சாளுக்கு அடித்தாள். கமலாக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"தவம், அவளிட்டச் சொல்லாதை" என்று கமலாக்கா சேலைத் தலைப்பைப் பிடிப்பதுபோல அவளுடைய ஜக்கெட்டைப் பிடித்தார்.

"மச்சாள், ஓகஸ்ட் பயணம் இல்லை. எனக்கு இருதயத்தில ஒரு வால்வு பழுதாம். மலையைக் கனவிலயும் நினைக்கக்கூடாது எண்டிட்டினம். நான் இல்லாமல் அவையும் போகமாட்டினமாம்."

மறுபக்கத்தில் மச்சாளின் குரல் தணிந்து வந்தது.

"பக்கத்தில ஆரும் நிக்கினமோ?"

"இல்லை."

"ஐயோ, வாயைத் திறந்திடாதை தவம். நீ அபிஷன்ர சொந்த மாமி, தகப்பன்ர தங்கச்சி. மாப்பிள்ளை பகுதியில இருதய வருத்தமெண்டு கமலாக்கா அறிஞ்சா பேச்சு அதோட நிண்டுபோம். கலியாணம் முடியுமட்டும் மூச்சுவிடப்படாது. பயணத்துக்கு வேற ஏதும் சாட்டுச் சொல்லு. விளங்குதோ?"

"ஓம் மச்சாள்."

"அந்தக் கண்ணாடி வீட்டுப் படங்களையும் அனுப்பிக்கொண்டிரு. நல்லாத்தானே இருக்கு." போன் வைக்கப்பட்டது.

கிளறிற்றா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. தவமலருக்கும் சிரிப்பு வந்தது, கூடவே பெரிய நிம்மதி. கலியாணமும் தப்பியது, மனுஷியும் தப்பியது.

"கேட்டியளோ? இனி அந்த ஒப்பரேஷன் திகதியை எடுங்கோ. இல்லாட்டி மச்சாளிட்ட உண்மையைச் சொல்லிப்போடுவன்."

கமலாக்கா சிரிக்கவில்லை. இருட்டிப்போன போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு இப்ப எப்பிடி இருக்கு எண்டு அவ ஒரு சொல்லுக்கூடக் கேக்கேல்லையே, தவம்."

தவமலருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவளும்தான் கமலாக்காவிடம் இன்னும் அதைக் கேட்கவில்லை.