கந்தம்மாள் பார்த்த பகலாட்டம்

கந்தம்மாளுக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடமாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரே மகன் வெள்ளியங்கிரிக்குப் பெண் எடுப்பதை ஜாதகக்காரன் வாய்க்கு விட்டுவிடுவாளா? ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி அம்மாபேட்டையில் இறங்கியவள், பெண் வசந்தாமணியைப் பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை.

"புள்ளைய சினிமாவுக்குப் பகலாட்டம் கூட்டிட்டுப் போயிட்டு வாரேனுங்க. முடிவு சொல்ற வரைக்கும் உங்க ஊட்ல கை நனைக்கமாட்டேன்" என்றாள், பெண்ணின் அப்பா அர்த்தநாரியிடம். நீட்டிய மோரைக்கூடத் தொடவில்லை.

பாட்டையும் நடையையும் ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். சிரிப்பைப் பழக்க முடியாது. இவள் எதைப் பார்த்துச் சிரிக்கிறாளோ அதுதான் நாளைக்குத் தன் அடுப்படிக்குள் வரும் என்பது கந்தம்மாளின் எண்ணம்.

படம் காதல் தமாஷ். ஜமீன்தார் மகள், கதர் போட்ட வாலிபனைச் சமையற்காரன் வேஷத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறாள். பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்த கந்தம்மாள் திரையை ஓரக்கண்ணால்தான் பார்த்தாள்; பார்வையெல்லாம் பக்கத்திலிருந்த வசந்தாமணியின் முகத்தில்தான்.

ஜமீன்தாரை மகள் நெல் அறையில் வைத்துப் பூட்டினாள். கொட்டகையே குலுங்கியது. வசந்தாமணி உதட்டோரம் மட்டும் சிரித்தாள். அடக்கமா, நடிப்பா? வேலைக்காரன் பெண்டாட்டியை விளக்குமாற்றால் அடித்தான். ஊரே சிரித்தது; இவள் குனிந்து முந்தானை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஊரே சிரிக்கிறதற்குச் சிரிக்காதவள் நாளைக்கு என் மகன் பேச்சை மட்டும் கேட்பாளா?

பெண் பார்க்க வந்த ஒருவன் கொடுத்த புடவையை, சீமைத் துணி என்று கதாநாயகி தீயில் போட்டாள். கைதட்டல் காதைப் பிளந்தது.

"அது சீமைத் துணி இல்லீங்க அத்தை. கரையப் பாத்தா நம்ம பக்கத்துக் கைத்தறி" என்று முணுமுணுத்தாள் வசந்தாமணி.

கந்தம்மாளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தறிக்காரக் குடும்பமாயிற்றே, வயிறு எரிந்தது. பெண் பரவாயில்லை என்று நினைத்த அடுத்த நிமிஷமே, தன் மனதைக் குளிர வைக்கத்தான் அப்படிச் சொன்னாளோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் கல்யாணப் பந்தி. ஆண்கள் சாப்பிட்டு எழட்டும் என்கிறார்கள். கதாநாயகி மாப்பிள்ளை பக்கத்தில் ஓர் இலையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பசிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது என்கிறாள். வசந்தாமணி வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்படியா சேதி என்று நினைத்தாள் கந்தம்மாள். இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

வெளியே வந்ததும் கேட்டே விட்டாள். "ஏஞ் சாமி, அந்தப் பந்திக்கு மட்டும் என்ன அப்படி ஒரு சிரிப்பு?"

"நீங்க சிரிச்சீங்க அத்தை. அதக் கேட்டுத்தான் எனக்கும் வந்துச்சு."

"நானா?"

"ஆமாங்க. படம் பூரா என்னையத்தான் பாத்துட்டு இருந்தீங்க. அந்த ஒரு எடத்துலதான் முழுசாத் திரும்பித் திரையப் பாத்தீங்க."

கந்தம்மாளுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் சட்டியின் அடியில் ஆறிக் கிடப்பதுதான் அவள் சோறு. அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை, தனக்குள்ளேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. இந்தச் சிறுக்கி எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

இருவரும் அர்த்தநாரி வீட்டுக்குத் திரும்பினார்கள். வசந்தாமணி உள்ளே போய் இரண்டு இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுச் சோற்றை வைத்தாள்.

"உக்காருங்க அத்தை. நானும் உக்காந்துக்கறேன்."

"உங்கப்பா இன்னும் சாப்புடலியே?"

"அப்பா அப்பறம் சாப்புடுவாருங்க."

அர்த்தநாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தார். கந்தம்மாள் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். சந்தேகம் முழுக்கப் போகவில்லை. போனால் அவள் கந்தம்மாளே இல்லை. ஆனாலும் செம்பை எடுத்துக் கை கழுவிக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தாள்.

சோறு சுட்டது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.