612-க்கும் 613-க்கும் நடுவில்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. சிரித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை முழுக்க நல்லவன் வேஷம் கட்டிக்கொண்டு திரிவேன். எழுதுகிறவனுக்கு அது கைவந்த கலை.

முதல் வரியை நாலு தரம் எழுதினேன். 'மழை பெய்துகொண்டிருந்தது.' பெய்யவில்லை. 'அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு பொய்கூட' என்று இன்னொன்று. அதை முடிக்கத் தைரியம் வரவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

2

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வாசகர் குழுவில் அவருக்குப் பெயர் 'பக்கம் அண்ணன்'. ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள அறையில் சனிக்கிழமை மதியம் எட்டுப் பேர் கூடுவோம். ஒன்பது வருடமாக ஒரே ஒரு மாயக்கதை நாவலைப் பற்றித்தான் பேச்சு. மூன்று பாகம். முதுகில் ஒரு நகரத்தையே சுமந்து நடக்கிற ஆமையின் கதை.*

யார் எதைச் சொன்னாலும் அண்ணன், "பக்கம்?" என்பார். எண் சொல்லத் தெரியாதவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதல் பாகம் படமாக வந்தபோது, நாவலில் பச்சையாக இருந்த கதவு திரையில் நீலமாக இருந்ததற்காக இடைவேளையிலேயே எழுந்து போனவர். கயிற்றில் ஒரு இழை விட்டிருந்தாலும் லிஃப்டை நிறுத்திவிடுகிற ஆள். புத்தகத்துக்கும் அதே சட்டம்.

(* நிஜத்தில் அது ஆமை இல்லை. நானும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள்.)

3

[இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடப் பார்த்தேன். பாதி அண்ணன் அந்தச் சிரிப்புக்குப் பிற்பாடு படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னது. மீதி, நானாக அந்த அறைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது.]

அண்ணிக்கு மருந்துக் கடையில் வேலை. எந்த டாக்டரின் கிறுக்கலையும் நின்ற இடத்தில் படித்துவிடுவார். அவருக்கு ஒரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னால் மற்ற கண்ணிலும் விழித்திரை விலகிவிட, அறுவை செய்து கட்டுப் போட்டு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கவிழ்ந்தே படுத்திருக்க வேண்டும். பார்வை வருமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்களாம். அந்த வார்த்தையை அண்ணனால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவர் லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நாவலைப் படித்துக் காட்டினார். பன்னிரண்டாம் நாள் மூன்றாம் பாகத்தின் கடைசி அத்தியாயம் வந்தது. பக்கம் 613. நகரத்தைக் காப்பாற்ற ஆமை நெருப்புக்குள் இறங்குகிறது. இரண்டு கண்ணும் வெந்துபோகிறது. அதற்கப்புறம் இருட்டிலேயே நடக்கிறது, கடைசிவரை.

அண்ணனுக்கு அது மனப்பாடம். ஆனாலும் நாக்கு புரளவில்லை. தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது: "ம், அப்புறம்?"

அவர் படித்தார்: ஆமை கண்களை இறுக மூடிக்கொண்டு நெருப்பைக் கடந்தது. அந்தப் பக்கம் போய்த் திறந்தபோது, கடல் தெரிந்தது.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

மறுநாள் அந்தக் கடைசியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார் அண்ணி. அதற்கு மறுநாளும்.

பார்வை வந்தது; முழுசாக இல்லை, மருந்துச் சீட்டுக்குப் போதுமான அளவு. நாவலை மட்டும் அவர் தானாக எடுத்துப் படிக்கவேயில்லை. படிச்சா உங்க குரல் கலைஞ்சு போயிடும் என்பாராம்.

4

போன மாதம் மூன்றாம் பாகம் படமாக வந்தது. இந்தத் தடவை நாவலை அச்சு அசலாக எடுத்திருந்தார்கள். ஆமைக்குக் கண் போனதும் இரண்டு நிமிடம் திரையே இருண்டு கிடந்தது. எங்கள் வரிசையில் ஆனந்தக் கண்ணீர். அண்ணன் மட்டும் நாற்காலிக் கையை உடைத்துவிடுகிற மாதிரிப் பிடித்திருந்தார். பக்கத்தில் அண்ணி.

அடுத்த சனிக்கிழமை அண்ணியும் கூட்டத்துக்கு வந்தார். நாங்கள் படத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடி முடிக்கிறவரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"அதோட கண்ணைப் பிடுங்கச் சொல்லி இவங்களை யாரு கேட்டா? புத்தகத்துல அது கடலைப் பார்க்குமே."

அப்போதுதான் நான் சிரித்தேன். நன்றாகச் சத்தமாக. "அண்ணி, நீங்க எந்தப் புத்தகத்தைப் படிச்சீங்க?"

"நான் எங்க படிச்சேன்? இவர் படிச்சுக் காட்டினாரு. ஒரு வரி விடாம."

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அண்ணனிடம் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் எங்கள் பேக்கரிக்காரர். அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"பக்கம், அண்ணே?"

5

முடிவு ஒன்று: அண்ணன் உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஐந்து வருடமாக அந்தக் கடலைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்த அண்ணி எழுந்து

இல்லை. என்னால் முடியாது.

முடிவு இரண்டு: பழைய பதிப்பில் அப்படித்தான் இருந்தது என்று புளுகுகிறார், நாங்கள் ஏழு பேரும் நம்பியது போல நடிக்கிறோம். அழகான முடிவுதான். நாங்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை.

நடந்தது இதுதான். "ஞாபகமில்ல" என்றார் அண்ணன். ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை. பேக்கரிக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி கணவர் பக்கம் திரும்பி, "சரி விடுங்க. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.

6

நாலு நாள் கழித்து, மன்னிப்புக் கேட்கலாம் என்று மருந்துக் கடைக்குப் போனேன். தலைவலி மாத்திரைதான் கேட்க வந்தது. அண்ணி மாத்திரையோடு மேஜைக்கு அடியிலிருந்து மூன்றாம் பாகத்தையும் எடுத்து வைத்தார்.

"ஒழுங்காப் படிச்சுட்டு சனிக்கிழமை கொண்டு வாங்க. சிரிக்கிறதெல்லாம் அப்புறம்."

612-க்கும் 613-க்கும் நடுவில் ஒரு தாள் இருந்தது. லிஃப்ட் சோதனைப் படிவத்தின் பின்பக்கம். அண்ணனுடைய கையெழுத்தில், பென்சிலில், கடல் தெரிகிற அந்த முடிவு முழுவதும். மறுநாள் கேட்டால் வார்த்தை மாறிவிடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு இடத்தில் 'பார்த்தபோது' என்று எழுதியதை அடித்துவிட்டுத் 'திறந்தபோது' என்று திருத்தியிருக்கிறார். அன்றைக்குப் படித்தது அதுதானே.

தாளின் அடியில் பேனாவால் ஒரு எண். மருந்து உறைகளில் காலை, இரவு என்று எழுதிப் பழகிய உருண்டைக் கையெழுத்து.

612அ.

எப்போது எழுதினார் என்று மையைப் பார்த்தால் தெரியவில்லை. கூட்டத்துக்கு முன்னாலேயே என்றால், அண்ணி அன்றைக்கு அந்தப் பக்கத்தை எங்கள் எல்லார் முன்னிலையிலும் புத்தகத்தில் சேர்க்க வந்திருக்கிறார். நான் குறுக்கே சிரித்திருக்கிறேன். பின்னால் என்றால், அந்த நாலு நாளில் அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. அதற்குள் நுழைந்து உட்கார எனக்கு உரிமையில்லை. எண் விழுந்திருப்பது அண்ணனுக்குத் தெரியுமா? அதுவும் எனக்குத் தெரியாது.

நாளைக்குச் சனிக்கிழமை. தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கூட்டத்தில் நான் எழுந்து, ஆமை கடலைப் பார்க்கிறது என்று சொல்லலாமென்று இருக்கிறேன். உடனே அண்ணன் கேட்பார், "பக்கம்?" அண்ணியும் அங்கே இருப்பார். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நான்தானா என்பதை நீங்கள்தான்