பாதிரியாரின் பட்டியலில் டோர்கஸ்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில் நான் குடியிருக்கும் ஊர்த் தேவாலயத்தின் பழைய பெட்டியில் ஒரு சொல்பட்டியல் கிடந்தது. எளிய குடியில் பிறந்தவர்களை இங்கே என்னென்ன பேர் சொல்லி அழைத்தார்கள் என்று, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒரு பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். சர்ல், அதாவது பட்டிக்காட்டான். சாபேக்கன். ஹைண்ட். கடைசியாக, பாண்டேஜர்.

ஹைண்ட் என்பவன் பண்ணையாள். அவனுக்கு வேலையும் குடிசையும் வேண்டுமானால், வயலுக்கு ஒரு பெண்ணாளையும் கூடவே கொண்டுவர வேண்டும். அவள்தான் பாண்டேஜர்.

2

குளிரில் நடுங்கிய ஒரு மார்ச் காலையில்… (வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

டோர்கஸ் ஹெட்லி டர்னிப் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் அந்தப் பாதிரியார், கையில் நோட்டு.

"உங்களை சாபேக்கன்னும் சொல்வாங்களாமே? பன்னிக்கறி மெல்றவங்கன்னு?"

"சொல்வாங்கய்யா. மெல்றதுக்குக் கறிதான் கிடைக்க மாட்டேங்குது."

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். "பாண்டேஜர்னா?"

"அது வசவு இல்லைங்க. எங்க அண்ணனுக்கு நான்தான் பாண்டேஜர்."

3

முதல் வரைவில் இவளைத் தியாகியாக்கியிருந்தேன். எனக்கே சகிக்கவில்லை. இவளுக்கு ஆசை உண்டு. பக்கத்து டவுனான ஆல்னிக்கில் ஒரு ரொட்டிக்கடையில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சேறில்லாத வேலை. [ரொட்டி வாசனை பற்றி அரைப் பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன்.]

4

வூலரில் ஆள் பிடிக்கும் சந்தை. வேலை தேடுகிறவர்கள் தெருவில் வரிசையாக நிற்பார்கள்.

"அண்ணே, இந்த வருசம் என்னை நம்பி நிக்காதே."

"வேற யாரை நம்புறது?" என்றான் கத்பர்ட். "உங்க அண்ணிக்கு எட்டு மாசம். மே மாசம் இந்தக் குடிசையைக் காலிபண்ணணும். கைப்பிள்ளையோட அவளை எங்கடி படுக்கவைப்பேன்?"

டோர்கஸுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அதற்குள் ஒரு பண்ணைக்காரர் எதிரே வந்து நின்றார்.

"ஏம்பா, பொம்பளையாள் இருக்கா?"

5

முதல் முடிவு: "இருக்கேன்" என்றாள் டோர்கஸ். இன்னொரு வருடம் சேறு.

இரண்டாவது: "இல்லை" என்று சொல்லிவிட்டு ஆல்னிக் வண்டி ஏறினாள். மே மாதம் அண்ணி கைப்பிள்ளையோடு தெருவில்…

இரண்டையும் அடித்துவிட்டேன். என் தவறு அப்போதுதான் உறைத்தது. பண்ணைக்காரர் கேட்டது கத்பர்ட்டிடம். பாதிரியார் அவளிடம் கேட்டது வெறும் பேர்களை. நானும் அவளை ஒரு வார்த்தை கேட்காமலேதான் இரண்டு முடிவுகளையும் எழுதியிருக்கிறேன்.

கத்பர்ட் வாய் திறக்கப்போகிறான். அதற்கு முன் நீங்களாவது அவள் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டுவிடுங்கள்.