பேச்சித்தாயின் நாடிப் பச்சை

குற்றாலம் மண்டபத்து வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் ஜெபமலர் காரை நிறுத்தச் சொன்னாள். 'தென்காசி மண்ணின் மகளே வருக' என்று அவள் பெயர்தான் போட்டிருந்தது. படத்தில் இருந்தவள்தான் வேறு யாரோ. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒருத்தி ரோஸ் உதட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அது ஜெபமலரின் படமேதான்; கருத்த முகத்தை வெளுப்பாக்கியிருந்தார்கள். சின்ன வயதில் தென்காசி போட்டோ ஸ்டுடியோ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கல்யாணப் பெண்களை வெளுப்பாக்கித் தரச் சொன்னார் முதலாளி. மாட்டேன் என்று வெளியே வந்துவிட்டாள். அதன் பிறகு கருத்த முகங்களைக் கருப்பாகவே எடுத்தாள். சன்னல் வெளிச்சம், ஒரு ஸ்டூல், எதிரே ஆள், அவ்வளவுதான். அந்தப் படங்கள் டெல்லிக்கும் பாரிசுக்கும் போய் விருது வாங்கின. சொந்த ஊரில் மட்டும் மாட்டியதில்லை. சீசன் விழாக் குழு கூப்பிட்டபோது அவள் ஒத்துக்கொண்டது பேச்சித்தாய்க்காக. ஐந்தருவிப் பாதையில் பழம் விற்கும் அந்த ஆச்சியின் படம்தான் ஜெபமலருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. செல்போனில் காட்டப்போனால், "பெருசா மாட்டும்போது பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். இன்றைக்குத்தான் பார்க்க வருகிறாள்.

உள்ளே போனால் சுவரில் இருந்த அத்தனை முகமும் வெளுத்திருந்தது. பேச்சித்தாயின் உதட்டுக்குக் கீழே, நாடியில் இருக்கும் பச்சைக்குத்தையும் காணோம்.

"யாரு செஞ்ச வேலை இது?"

பிரிண்ட் போட்ட சுடலைராஜ் சிரித்துக்கொண்டே வந்தான். "நாந்தான்க்கா. நீங்க அனுப்புனது இருட்டா இருந்துச்சு. உங்களுக்குன்னு மெனக்கெட்டு ஒவ்வொரு மூஞ்சியா கிளீன் பண்ணேன்."

"ஏலே, அழுக்காவா இருந்துச்சு?"

விழாக் குழுத் தலைவர் மாடக்கண்ணு குறுக்கே வந்தார். "விடும்மா. மரியாதைக்குத்தான செஞ்சிருக்கான். சீஃப் கெஸ்ட் வேற ஆலங்குளம் தாண்டிட்டாரு."

"கருப்பா இருந்தா உங்க மரியாதையில என்ன கொறையுது அண்ணாச்சி?"

சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஒவ்வொரு படமாகக் கழற்றினாள். கடைசிப் படத்தில் கை வைத்தபோது பின்னால் குரல் கேட்டது.

"என்னய எதுக்குட்டி கழத்துத?"

பேச்சித்தாய். பட்டுச்சேலை, முகம் நிறையப் பவுடர்.

"பாத்தீங்களாக்கா," என்றான் சுடலைராஜ். "ஆச்சியே வெள்ளையாத்தான் வந்திருக்காவ."

ஜெபமலர் அந்தப் படத்தையும் கழற்றிக்கொண்டு இறங்கினாள்.

பேச்சித்தாய் படத்தை வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தான இருக்கேன்" என்றாள். பிறகு படத்தின் நாடியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"என் பச்சை எங்கலே?"

"எடுத்துட்டேன் ஆச்சி. புள்ளி புள்ளியா தெரிஞ்சுது."

"எங்கம்மை என்னை மடியில அமுக்கிப் புடிச்சுக் குத்த வச்சதுலே அது. அத எடுக்க நீ யாரு? நான் போட்ட பவுடரு மூஞ்சி கழுவுனா போயிரும். நீ போட்டத எதைக் கொண்டு கழுவ?"

சுடலைராஜ் வண்டிச் சாவியைத் தேடினான். "நீங்க அனுப்புன ஒரிஜினல் கடையிலதான் கிடக்கு. ஆச்சி படத்தை இப்ப பிரிண்ட் போட்டுட்டு வந்திருதேன்."

அவன் திரும்புவதற்குள் சீஃப் கெஸ்ட் வந்துவிட்டார். சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. ரிப்பன் வெட்ட மாடக்கண்ணு அவரிடம் நீட்டிய கத்தரிக்கோலை ஜெபமலர் வாங்கிக்கொண்டாள். நேரே வாசலுக்குப் போய்த் தன் ஃப்ளெக்ஸின் கயிறுகளை வெட்டினாள். அது சாரலில் நனைந்த தரையில் குப்புற விழுந்தது.

"என்னம்மா இது?" என்றார் மாடக்கண்ணு.

"உங்க மரியாதையை எடுத்து உள்ள வைங்க. படம் வரட்டும், அப்புறம் ரிப்பன் வெட்டலாம்."

சுடலைராஜ் மழைக்கோட்டுக்குள் படத்தைப் பொத்திக்கொண்டு வந்தான். பேச்சித்தாய் முதலில் நாடியைத்தான் பார்த்தாள்.

"ம். இப்ப மாட்டு."