மோமோவின் பற்கள்

தலைநகரில் பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டி, தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் சுப்பு எலிகளைச் செங்கல்லால் அடித்திருக்கிறான், பொறியோடு சாக்கடையில் முக்கியிருக்கிறான், வளைக்குள் கொதிநீர் ஊற்றியிருக்கிறான். தூங்குகிறவர்களின் கால்விரலைக் கடிக்கிற எலிகள் அவை. கேம்ப்பை இடித்த பிறகு அவனும் மனைவி செங்கம்மாளும் போகல் பகுதியில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். மூன்றாவது மாடி. எலி வராது என்பது மட்டும்தான் அந்த அறையில் அவனுக்குப் பிடித்திருந்தது. அந்த அறைக்குத்தான் செங்கம்மாள் ஒரு எலியைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"எலி இல்லய்யா. ஹாம்ஸ்டராம். பேரு மோமோ."

"வால வெட்டிட்டா எலி இல்லன்னு ஆயிடுமா? சூஹா சூஹாதான்."

கிட்வாய் நகரில் அவள் சமைக்கிற வீடுகளில் ஒன்று ப்ரீதாவுடையது. ப்ரீதாவின் கணவனுக்குச் சென்னைக்கு மாற்றல். மோமோவை விமானத்தில் ஏற்ற முடியாது, விற்ற கடைக்காரன் திருப்பி வாங்க மறுத்துவிட்டான். "கடிக்கும் அக்கா, இப்பவே சொல்லிடறேன். யாருக்குக் குடுத்தாலும் ரெண்டே நாள்ல திரும்பி வந்துடறது" என்றாள் ப்ரீதா. செங்கம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேம்ப்பில் வாசலுக்கு வந்தாலே பேச நாலு பேர் இருப்பார்கள். இப்போது பாதிப் பேர் சர்க்கார் மாற்று வீடு கொடுத்த நரேலாவில், மீதிப் பேர் எங்கெங்கோ. சுப்பு டைல்ஸ் வேலை முடித்து வந்து சாப்பிட்டதும் படுத்துவிடுவான். சாயங்காலம் விழித்து, உள்ளங்கையளவு வெள்ளை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு சக்கரத்தில் ஓடுகிற மோமோவுக்கு முன்னால் உட்கார்ந்துதான் அவள் இப்போதெல்லாம் டீ குடித்தாள்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே விவகாரம் ஆனது. மத்தியானம் காகிதத் துண்டுகளுக்குள் சுருண்டு தூங்கிய மோமோவை, செத்துப்போச்சா என்று பார்க்க சுப்பு மேலிருந்து கைவிட்டுப் பிடித்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்த மெல்லிய சதையில் பல் இறங்கிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவி, டிஸ்பென்சரியில் ஊசியும் போட்டுக்கொண்டான். மறுநாள் சிமென்ட் பால் அந்தக் காயத்தில் பட்டு எரிய எரிய வேலை பார்த்தான்.

"இன்னொரு வாட்டி யாரையாச்சும் கடிச்சுது, பார்க்ல கொண்டுபோய் விட்ருவேன்."

"பருந்து தூக்கிரும்யா."

"தூக்கட்டுமே. அதுக்கும் பசிக்கும்ல."

அவன் சொன்னால் செய்கிறவன். அதனால் செங்கம்மாள் தனக்குப் பட்ட கடிகளைக் கத்தி வெட்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். ப்ரீதாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். தூங்கும்போது தொடாதீங்க, மேலிருந்து கை வந்தா பருந்துன்னு பயப்படும், பக்கவாட்டில் தரையோட வைங்க, கடிச்சாலும் வெடுக்குன்னு இழுக்காதீங்க என்றாள் ப்ரீதா. செங்கம்மாள் எல்லாம் செய்து பார்த்தாள். கொஞ்சம் அடங்கியது. ஆனால் விரல் நுனியை மட்டும் விடவில்லை. மணிக்கட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும், நுனிக்கு வந்ததும் ஒரு கவ்வு.

நவராத்திரி வந்தது. அவள் சமைக்கிற பஞ்சாபி வீடுகளில் விரதம் என்று வெங்காயம் பூண்டு நின்றது. உருளைக்கிழங்கு, ஜவ்வரிசி, பூசணி என்று வேலையும் லேசாக இருந்தது. அந்த நாட்களில் மோமோ ஒரு தடவைகூடக் கடிக்கவில்லை. பழகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஒருநாள் தன் வீட்டு ரசத்துக்காகப் பூண்டு உரித்த கையோடு கூண்டுப் பக்கம் போனாள். கம்பிக்கு வெளியே இருந்த விரலை நோக்கி அது வாயைத் திறந்துகொண்டே ஓடி வந்தது.

"அடப்பாவி" என்றாள். "என்னத் திங்கப் பாக்கல. பூண்டத் திங்கப் பாத்திருக்க."

தினமும் கிலோ கணக்கில் உரித்து நறுக்குகிற விரல்கள். சோப்புக்குப் போகாத வாடை. வாடை போக ஈரக் கையை எவர்சில்வர் சொம்பின் முதுகில் தேய்த்தாள், பிறகு சோப்பு, பிறகு மோமோ படுக்கிற காகிதத் துண்டுகளை எடுத்து உள்ளங்கையிலும் விரல்களிலும் கசக்கித் தேய்த்தாள். அதன் வாடையே அவள் கைக்கு வந்தது. விரலை நீட்டினாள். முகர்ந்தது, தாண்டிப் போய்விட்டது.

நவராத்திரி முடிந்த மறுநாள் எல்லா வீட்டிலும் சிக்கன், வெங்காயத்தை அள்ளி அள்ளி வதக்கினாள். வீடு வந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சுப்பு சீக்கிரமே வந்துவிட்டான். அவள் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான்.

"கத்தி வெட்டுன்ன. கத்திக்கு ரெண்டு பல்லா?"

அவள் விரலை உருவிக்கொண்டாள்.

"எத்தன நாளா ஏமாத்துற?"

"அது பழசுய்யா. இப்பக் கடிக்கிறதில்ல."

"அச்சா. என் எதிர்ல கைய வை. கடிச்சா, இப்பவே செருப்ப மாட்டிக்கிட்டுப் பார்க்குக்குக் கெளம்பறேன்."

மோமோ விழுந்தாலும் அடிபடக் கூடாதென்று தரையிலேயே உட்கார்ந்து, கூண்டுக் கதவைத் திறந்து, கையை மல்லாத்திப் பக்கவாட்டில் வைத்தாள். மோமோ ஒவ்வொரு விரலாக முகர்ந்தது. சுண்டுவிரலில் கொஞ்சம் நின்றது. பிறகு ஏறி உள்ளங்கையில் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு கையைக் கீழே கொடுத்து வெளியே எடுத்தாள்.

"உன் கையையும் வைய்யா. மேலருந்து வராத. கடிச்சாலும் இழுத்துறாத."

மத்தியானச் சோற்று வாடை இருக்கும் கையைக் கழுவச் சொல்ல மறந்துபோனாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையை அவள் கையோடு ஒட்டி வைத்தான். மோமோ தாவி ஏறியது, அவன் விரலடியில் இருந்த காய்ப்பைக் கவ்வியது. டைல் தூக்கித் தூக்கிக் காய்த்த தோல், கட்டையைப் போல இருந்தது. சுப்பு அசையவில்லை.

"கடிக்குதா?" என்று கேட்டாள்.

"என்னமோ சுரண்டுது."

ஒன்றும் கிடைக்கவில்லை என்று தெரிந்து மோமோ விட்டுவிட்டது. அவன் உள்ளங்கைக் குழியில் உட்கார்ந்து முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்தது. சுப்பு காய்ப்பில் பதிந்திருந்த இரண்டு பள்ளங்களைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். செருப்பு கதவோரம் இருந்தது.

"ரத்தம் வரலன்னா அது கடி இல்ல" என்றான்.

"இல்லதான்" என்றாள் அவள்.

"இத எப்படி எறக்குறது?"

"எறக்காத. அதுவா போகும்."

மோமோ போகவில்லை. காதைச் சொறிந்தது, திரும்பி உட்கார்ந்தது. கையை ஆட்டாமல் சுப்பு முதுகை மட்டும் மெல்லச் சுவரில் சாய்த்துக்கொண்டான்.

"சோறு ஆறுது" என்றாள் செங்கம்மாள்.

"ஆறட்டும்."