காதைச் சொறிந்த குற்றம்

எழுபத்தொன்பதாம் வருஷம், திருச்சி பாலக்கரையில் கிறிஸ்துமஸை ஒட்டி நடந்த சீட்டுப் போட்டிக்கு டோரதி டீச்சர்தான் நடுவர். எதிரெதிரே உட்காரும் ஜோடிகள் ஒருவருக்கொருவர் ஜாடை காட்டினால் அவளிடம் தப்ப முடியாது. போன வருஷம் ஆட்டத்தின் நடுவே காதைச் சொறிந்தார் என்று சொந்தப் புருஷன் தைரியராஜையே எழுப்பி வெளியே அனுப்பியவள். அவர் மூன்று நாள் பேசவில்லை. போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் அரையிறுதியில் பேட்ரிசியா சீட்டைக் கவிழ்த்துவிட்டுக் கத்தினாள்.

"டீச்சர், இந்தப் பிலோமின்ராஜும் பொண்டாட்டியும் மேசைக்கடியில காலால பேசிக்கிறாங்க. வந்து பாருங்க!"

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று டோரதி முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

ஏழு மாதக் கர்ப்பிணி செலினின் பாதங்கள் வீங்கிப் பளபளத்தன. மார்கழிக் குளிரேறிய சிமெண்டுத் தரையில் அவை படாதபடி, பிலோமின்ராஜ் தன் பாதங்களின்மேல் தாங்கியிருந்தான். மரத்துப்போகும்போது மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டான்.

டோரதி நிமிரச் சற்று நேரமாயிற்று.

"என்ன டீச்சர், பேசுறாங்கதானே?"

"பேசுறாங்க. ஆனா சீட்டைப் பத்தி இல்ல. நீங்க ஆடுங்க."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தைரியராஜ், கையில் ஒரு சீட்டும் இல்லாமல், காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.