கல்லறைப் பெட்டி

மரங்கள் இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு, கையேந்தி நிற்கும் வறியவர்போல் வானை நோக்கி நின்றன. காற்று வந்தது, வெறுங்கையோடு வந்து, முற்றத்தில் மிஞ்சிக் கிடந்த சருகையும் வாரிக்கொண்டு போயிற்று. சிற்றாலயத்தின் பீடத்தில் பூக்கள் இல்லை. சுரூபங்கள் அனைத்தும் ஊதாத் துணிக்குள் மறைந்திருந்தன; அன்னையின் முகமும் தெரியவில்லை, அவள் ஏந்திய மகவின் முகமும் தெரியவில்லை. வானவரின் மகிமைக் கீதம் வாயடைத்திருக்கும் காலம் அது. சாம்பல் புதனன்று நெற்றியில் இட்ட சாம்பலை அன்று மாலையே கழுவிவிட்டார்கள். அதன் நிறம் மட்டும் சுவரிலும் படிக்கட்டிலும் முற்பகல் வெளிச்சத்திலும் படிந்து, தவக்காலம் நெடுகிலும் தங்கியிருந்தது.

யாரும் வைத்துக்கொள்ள விரும்பாத நோயாளிகளுக்காகக் கன்னியர் ஒன்பது பேர் நடத்திவந்த இல்லம் அது. பெண்கள் கூடத்தில் பன்னிரண்டு கட்டில்கள். இரண்டு மணிக்கொருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் முதுகில் புண் வாய் திறந்துவிடும். இந்தக் கூடத்தின் பொறுப்பு, மடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்த ஒரு சகோதரியிடம் இருந்தது. எல்லாருக்கும் அவள் 'கூடத்துச் சிஸ்டர்'.

அந்தச் சபையில் பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை, தவக்காலத்தின் நாற்பது நாளும், எந்தச் சகோதரிக்கும் கடிதம் கொடுக்கப்படாது. தந்தி மட்டும் உடனே கைக்கு வரும். கடிதங்கள் மடத்துத் தலைவியின் அறையில் ஒரு தகரப்பெட்டிக்குள் காத்திருக்கும். உயிர்ப்பு நாளன்று காலை உணவின்போது பெட்டி திறக்கப்படும். இளைய சகோதரிகள் அதற்குக் கல்லறைப் பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஆண்டவருக்கே கல்லறையில மூணு நாள்தான். நமக்கு மட்டும் நாப்பது நாளா?" என்று சமையல் சிஸ்டர் ஆண்டுதோறும் முணுமுணுப்பாள்.

கூடத்துச் சிஸ்டருக்குப் பெட்டிக்குள்ளிருந்தும் தாயின் கடிதம் வந்ததில்லை, வெளியிலிருந்தும் வந்ததில்லை. மடத்துக்குப் புறப்பட்ட நாளில் அவள் தாய் வாசற்படியில் நின்று, "போறதுன்னா போ. நான் செத்தாக்கூட வராதே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவோசை இன்றும் செவியில் இருந்தது. ஆண்டுதோறும் சாம்பல் புதனுக்கு முன்பு மகள் ஒரு கடிதம் எழுதுவாள்; அதில் வேண்டுவது ஒன்றே: 'மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், அம்மா.' இந்த ஆண்டும் எழுதியிருந்தாள்.

தவக்காலத்தின் மூன்றாம் வாரம், கிழிந்த படுக்கைவிரிப்புகளின் பட்டியலைக் கொடுக்கத் தலைவியின் அறைக்குப் போனபோது, மேசைமேல் ஓர் உறையைக் கண்டாள். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. அவள் தம்பியுடையது. அம்மாதான் சொல்லி எழுதவைத்திருக்க வேண்டும்.

"வீட்டிலேருந்து வந்திருக்கு, சிஸ்டர்" என்றார் தலைவி. "இத்தனை வருஷத்துல முதல் தடவை. பிரிச்சுப் பாருங்களேன். நான் அனுமதி தரேன்."

கை நீண்டது. நீண்ட கை பாதியில் நின்றது. இரண்டாண்டுக்கு முன்பு தலைவி ஊரில் இல்லாத ஒரு தவக்காலத்தில் பெட்டியின் சாவி இவளிடம் இருந்தது. அப்போது இளஞ்சகோதரி ஒருத்தி தன் தந்தையின் கடிதத்துக்காகக் கண்ணீரோடு நின்றாள். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று இவள்தான் சொல்லி அனுப்பினாள். கடிதத்தில் துயரச் செய்தி ஏதும் இல்லை. ஆயினும் அந்தப் பெண் அதன்பின் இவள் முகத்தை நேர்கொண்டு பார்த்ததில்லை.

"வேண்டாம், மதர். உள்ள போட்டுடுங்க. ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துடுறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

பெட்டி மூடும் ஓசை கேட்டது. நடைவழியில் வரும்போது அவள் உள்ளம் தேன் தடவியதுபோல் இனித்தது. இருபத்திரண்டு ஆண்டு ஏங்கிய ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வந்தோம். இதனினும் அரிய காணிக்கை எது? அந்த இனிப்பின் அடியில் இருந்தது அன்பா, செருக்கா என்று அவள் சோதித்துப் பார்க்கவில்லை.

ஏழாம் கட்டிலில் ஒரு கிழவி. முன்பு ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டவள்; இப்போது கட்டிலில் கிடந்தபடியே கூடத்தை ஆண்டாள். ஆகவே அவளுக்குச் 'சீமாட்டி' என்று பெயர்.

"என்னடி, மூஞ்சியில பல்பு எரியுது?" என்றாள் சீமாட்டி, புரட்டிப் படுக்கவைத்த கையைப் பற்றிக்கொண்டு.

"எங்கம்மாகிட்டேருந்து கடிதம் வந்திருக்கு."

"என்ன எழுதியிருக்கா?"

"ஞாயித்துக்கிழமைதான் தெரியும். உயிர்ப்பு ஞாயிறு. அதுவரைக்கும் பெட்டியில இருக்கும்."

சீமாட்டி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பெத்தவ கடுதாசியை எவளாவது பூட்டி வைப்பாளா? சாமி வந்து உன்கிட்ட கேட்டாரா, எனக்கு அதைக் குடுன்னு?"

"கேட்காம குடுக்குறதுதாம்மா காணிக்கை."

"கிறுக்குன்னு சொல்லு, புரிஞ்சுக்குறேன்."

சீமாட்டிக்கு ஒரே மகன், லாரி ஓட்டுநர். அவளைக் கொண்டுவந்து விட்டுப்போய் ஒன்பது மாதமாயிற்று, எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் கூடத்துச் சிஸ்டர் அவனுடைய முதலாளியின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி அவனைப் பிடித்தாள்.

"லோடு மேல லோடு, சிஸ்டர். அடுத்த மாசம் பாக்கலாம்" என்றான்.

"அடுத்த மாசம் உங்கம்மா இருப்பாங்கன்னு உங்ககிட்ட யாரு சொன்னது? கூப்பிட்டா வரணும், தம்பி. அப்புறம் வந்து அழுறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தரா ஆகாதீங்க."

ஐந்தாம் வாரம் மீண்டும் தலைவியின் அறைக்குப் போனாள். மேசைமேல் இன்னோர் உறை, அதே சாய்ந்த எழுத்து. தலைவி வாய் திறக்குமுன் இவளே சிரித்தாள்.

"ரெண்டாவதா? எங்கம்மா மொத்தமாக் கொட்டுறாங்க போல."

"சிஸ்டர், எனக்கு என்னமோ..."

"இன்னும் ரெண்டே வாரம், மதர்."

உயிர்ப்புக்கு முந்தைய பெரிய வியாழனன்று பங்குச்சாமியார், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், கூடத்துக்கே வந்து பன்னிருவர் பாதங்களையும் கழுவத் தொடங்கினார். ஏழாம் கட்டிலருகே வந்ததும் சீமாட்டி புண்பட்ட கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "வருஷத்துக்கு ஒரு நாள் கழுவுறதுக்கு என் காலு கெடைக்காது, சாமி. அடுத்த கட்டிலுக்குப் போங்க" என்றாள். கழுவுதல் பதினொருவரோடு நின்றது.

அன்று மாலை லாரிக்காரன் வந்தான். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றான்.

"வந்துட்டாரு மகாராஜா. வழி மறந்துபோச்சாடா?" என்றாள் தாய். சொல்லி முடிக்குமுன் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் திரும்பிப் போகும்வரை விடவில்லை.

வாயிலில் அவன் கூடத்துச் சிஸ்டரை நோக்கிக் கைகூப்பினான். "நீங்க திட்டலேன்னா நான் வந்திருக்க மாட்டேன், சிஸ்டர்."

"பெத்தவங்க காத்திருக்காங்கன்னு தெரிஞ்சா ஓடி வந்துடணும், தம்பி" என்றாள். இதைச் சொன்னபோதும் அவள் உள்ளம் இனித்தது.

உயிர்ப்பு ஞாயிறு விடிந்தது. ஊதாத் துணிகள் விலகின. பீடம் வெள்ளைப் பூக்களால் நிறைந்தது. அல்லேலூயா கூரையில் மோதித் திரும்பியது. உணவறையில் தலைவி தகரப்பெட்டியைத் திறந்தார். "கல்லறை திறந்தாச்சு!" என்று இளையவர்கள் கைதட்டினார்கள். இரண்டு உறைகள் கூடத்துச் சிஸ்டரின் தட்டருகே வந்தன. அஞ்சல் முத்திரையைப் பார்த்து முதலாவதை முதலில் பிரித்தாள்.

'அக்கா, அம்மா படுத்துவிட்டார்கள். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். உன்னைத்தான் கேட்கிறார்கள். அன்று வாசலில் சொன்னதைக் கோபத்தில் சொன்னேன், அவள் அதை நெஞ்சில் வைத்திருப்பாளே என்று அழுகிறார்கள். தந்தி அடிக்கிறேன் என்றேன். தந்தியைப் பார்த்தால் பிள்ளை பயந்துவிடுவாள், கடிதமே எழுது, வந்துவிடுவாள் என்கிறார்கள். கட்டிலை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார்கள். போட்டிருக்கிறேன்.'

இரண்டாவதில் மூன்றே வரிகள்.

'செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா போய்விட்டார்கள். கடிதம் கிடைத்திருக்காது, கிடைத்தால் வராமலிருப்பாளா என்று கடைசிவரை உனக்காகப் பேசினார்கள். கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்; இனி நீ வர வேண்டாம்.'

சமையல் சிஸ்டர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். தலைவி எழுந்து அருகில் வந்து, குனிந்து இரண்டையும் படித்தார். நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டார்.

"நான் உங்களைக் கேட்டிருக்கக் கூடாது. கீழ்ப்படிதலின் பேர்ல பிரிக்கச் சொல்லிக் கட்டளை போட்டிருக்கணும்."

"நீங்க கேட்டீங்க, மதர். நான்தான் புனிதை ஆயிடலாம்னு பாத்தேன்." குரல் உயரவில்லை. "ஆண்டவர் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. நானே பறிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தேன். அதுவும் என் உசிரை இல்ல. எங்கம்மாவோட கடைசி ரெண்டு வாரத்தை."

மேசையின் மறுகோடியில், இரண்டாண்டுக்கு முன்பு கண்ணீரோடு நின்ற அந்த இளஞ்சகோதரி அமர்ந்திருந்தாள். இன்று அவள் இவளை நேர்கொண்டு பார்த்தாள். அந்தப் பார்வையில் பழி இல்லை, இரக்கம் இருந்தது. அதைத் தாங்குவதுதான் அரிதாயிற்று.

மணி பத்து. புரட்டிப் படுக்கவைக்கும் நேரம். கூடத்துச் சிஸ்டர் கடிதங்களை மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். சிற்றாலயத்தைக் கடக்கும்போது அன்னையின் முகம் திறந்திருப்பது கடைக்கண்ணில் தெரிந்தது. அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒன்றாம் கட்டில், இரண்டாம் கட்டில் என்று ஆறு பேரைப் புரட்டி, ஏழாம் கட்டிலுக்கு வந்தாள்.

"பெட்டி திறந்துச்சா? அம்மா என்னடி சொன்னா?" என்றாள் சீமாட்டி.

"வரச் சொல்லியிருக்காங்க."

"அப்ப கெளம்பாம என் முதுகை என்ன தடவிக்கிட்டிருக்க?"

கூடத்துச் சிஸ்டர் முதுகைத் தடவுவதை நிறுத்தவில்லை. சீமாட்டி தலையைத் திருப்பி அந்த முகத்தைப் பார்த்தாள். நீண்ட வாழ்வு வாழ்ந்தவளுக்கு அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"உங்க சட்டத்துல தீயை வைக்க" என்றாள் மெல்ல. "உன் காணிக்கையில தீயை வைக்க, பாவி மகளே."

"வைங்கம்மா."

கூடத்துச் சிஸ்டர் உள்ளே போனாள். பீங்கான் பூசிய பேசினில் வெதுவெதுப்பான நீரும் ஒரு துவாலையும் கொண்டுவந்தாள். கட்டிலின் கால்மாட்டில் முழந்தாளிட்டாள். போர்வையை விலக்கினாள். இம்முறை சீமாட்டி கால்களை இழுத்துக்கொள்ளவில்லை. வெடித்த குதிகால்களையும் புண்ணின் ஓரங்களையும் விரல்களின் இடுக்குகளையும், கண் தெரியாதவர் தடவிப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக, அவசரமின்றிக் கழுவினாள். அவள் உதட்டில் செபம் எதுவும் இல்லை. துடைத்து முடித்தபின் தலை தாழ்த்தி, அந்தப் பாதங்களில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்பால் உணவறையிலிருந்து மீண்டும் அல்லேலூயா எழுந்தது.

சீமாட்டி முக்கி முனகித் தன்னை நிமிர்த்திக்கொண்டாள். அவள் கை நீண்டுவந்து முக்காட்டின்மேல் படிந்தது.

"நான் உன்னைப் பெத்தவ இல்ல. அவ சொல்ல வச்சிருந்ததை எனக்குச் சொல்லத் தெரியாது" என்றாள். "என்கிட்ட இருக்குறது இந்தக் கைதான். ஆண்டவர் உன்னை மன்னிக்கட்டும். நீயும் உன்னை மன்னிச்சுக்க. நல்லா இரு, மகளே."